போஸ்டரில் பெயர் போடுவதற்கு முன்னால்

ஊரிலிருந்து சேதி சொல்லும் பொறுப்பில் இருக்கிற அண்ணன்மாருக்கும், மதினிமாருக்கும், சித்தப்பா, பெரியப்பா, மாமாக்களுக்கும்,



ஒவ்வொரு குடும்பத்திலும் உங்களில் ஒருவர் இருப்பார். வீட்டில் ஓர் உயிர் பிரிந்ததும் மற்றவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். உங்களுக்கு அழ நேரம் இருக்காது. ஐஸ் பெட்டிக்கும் பந்தலுக்கும் நாற்காலிக்கும் கொட்டுக்காரர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். பிறகு சொந்தக்காரர்கள். யாருக்கு உடனே சொல்வது, யாருக்கு விடிந்தபின் சொல்வது, யாரிடம் ‘உடம்புக்கு முடியவில்லை, கிளம்பி வா’ என்று மட்டும் சொல்வது என்றெல்லாம் வாசலில் நின்றபடியே முடிவு செய்கிறவர்கள் நீங்கள். 2022 மே மாதம் என் அப்பா இறந்தபோது அந்த வரிசையில் நான் கடைசி ஆளாக இருந்தேன். அதனால்தான் இந்த மடல்.

என் அண்ணனை ஊர்நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பதற்காக இதை எழுதவில்லை. அவனிடம் பேச வேண்டியதை நேரிலேயே பேசி, இருவரும் அழுது முடித்தாயிற்று. இதை எழுதப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு இங்கே லண்டனில் நான் சந்தித்த தமிழர்களில் பலர் இதே கதையைத் தங்கள் ஊர்ப் பெயரோடு சொன்னார்கள். ஒருவருக்கு அம்மா, ஒருவருக்குத் தங்கை. எல்லோருக்கும் சேதி பிந்தித்தான் வந்திருக்கிறது. எல்லோரிடமும் சொல்லப்பட்ட காரணமும் ஒன்றுதான்: உன் நல்லதுக்காகத்தான் சொல்லவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

நான் லண்டனின் தெற்குப் பகுதியில் இருக்கிறேன். எங்கள் நடைக்குழுவில் ஒன்பது பேர். ஐந்து பேர் தமிழர்கள், ஒரு மலையாள அக்கா, மூன்று பேர் ஆங்கிலேயர்கள். ஆண்டுக்கு ஒரு வாரம் எங்காவது கிராமப்புறத்தில் நடப்போம். கோவிட் காலத்தில் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டு, 2022இல்தான் ஹேட்ரியன் மதிலுக்குப் போனோம்.

இங்கிலாந்தின் வடக்கே, தீவின் இடுப்பு சிறுத்துக் கிடக்கிற இடத்தில், ஒரு கடலிலிருந்து மறு கடல்வரை ரோமானியர்கள் கட்டிய மதில் அது. ஹேட்ரியன் பேரரசரின் ஆணைப்படி கி.பி. 122இல் வேலை தொடங்கியது. 73 மைல் நீளம். அதை ஒட்டி 84 மைல் நடைபாதை ஒன்றை 2003இல் திறந்தார்கள். கிழக்கே நியூகாசில் பக்கத்து வால்சென்டில் தொடங்கி, மேற்கே பௌனஸ் என்ற கடலோரச் சிற்றூரில் முடியும். மெதுவாக நடந்தால் ஏழு நாள். பெட்டிகளை ஒரு வேன் அடுத்த தங்குமிடத்தில் சேர்த்துவிடும். முதுகில் தண்ணீரும் மழைக்கோட்டும் மதியச் சாப்பாடும் இருந்தால் போதும். ஆட்டுக்கிடைகளின் வழியாக, கல்வேலிகளின் மேல் போட்ட ஏணிப்படிகளில் ஏறி இறங்கி, பாதை போய்க்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் மதிலில் ஒரு சிறு கோட்டை இருந்தது. மைல் கோட்டை என்று சொல்லலாம். மொத்தம் 80. கிழக்கிலிருந்து மேற்காக அவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் மண்ணுக்கடியிலோ தார்ச்சாலைக்கு அடியிலோ போய்விட்டன என்றாலும் வரைபடத்தில் எண் இருக்கும். நான் அவற்றை எண்ணிக்கொண்டே நடந்தேன். அப்பாவுக்குச் சொல்ல.

எனக்கு நடக்கச் சொல்லித் தந்தவர் அப்பா. எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். விடிவதற்கு முன்னால் கால்வாய்க் கரையில் என்னையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு நடப்பார். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்கு நடந்தேதான் போவோம். வழியில் பேச்சு அதிகம் இருக்காது. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்ததும், ‘எத்தனை மடை தாண்டினோம்?’ என்று கேட்பார். சரியாகச் சொன்னால் அவர் டம்ளரிலிருந்து ஒரு வாய் காப்பி. நாற்பது வருடம் கழித்தும் நான் எங்கே நடந்தாலும் அந்தக் கேள்வி போனில் வரும். இந்த மதிலைப் பற்றிச் சொன்னபோது, ‘எண்பதும் எண்ணி முடிச்சிட்டுச் சொல்லு’ என்றார்.

முதல் நாள் திங்கள்கிழமை. வால்சென்டிலிருந்து டைன் ஆற்றங்கரையோடு நடந்து ஹெடன் என்ற ஊரை அடைந்தோம். அங்கே இருந்தது பன்னிரண்டாவது மைல் கோட்டை. போனில் சொன்னேன். ‘பன்னெண்டா, சரி. கால் வலிக்கா?’ என்றார். வலிக்கவில்லை என்றேன். அதுதான் கடைசிப் பேச்சு.

இரண்டாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்குச் சோலர்ஃபோர்டு வந்து சேர்ந்தோம். ஊரில் அப்போது இரவு ஒன்பது. தங்குமிடத்தின் முன்கூடத்தில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையில் தேநீரோடு, சுற்றிலும் எட்டுப் பேர் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, வீட்டுக்குப் போன் போட்டேன். அண்ணன் எடுத்தான்.

‘அப்பாவைக் கூப்பிடு. இருபத்தேழுன்னு சொல்லணும்.’

‘அப்பா ஒறங்கிட்டாவ.’

‘இப்பவே எதுக்கு? உடம்பு சரியில்லையா?’

‘இல்ல, சும்மாதான். நீ எங்க இருக்க, எப்ப திரும்புவ?’

பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்றேன். ‘கோயில் கொடை’ என்றான். எங்கள் பக்கத்தில் அது கொடை மாதம்தான். நம்பிவிட்டேன். அப்பா இறந்து அப்போது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். நான் கேட்ட கொட்டு அவருக்கு அடித்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, நடை தொடங்கும் முன், பனியில் நனைந்து நின்ற ஓர் ஆட்டுக்குட்டியைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘அப்பாவிடம் காட்டுங்கள்’ என்று எழுதினேன். யாரோ ஒரு பெரியப்பா பையன் கட்டைவிரலை மட்டும் போட்டான். ஊரில் அப்போது பதினொன்றரை. தாமிரபரணிக் கரையில் அண்ணன் கொள்ளி வைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த மூன்றாம் நாள் பாதைதான் மதிலில் எல்லோரும் புகழ்கிற பாதை. செஸ்டர்ஸ் கோட்டையைக் கடந்து சில மைல் போனதும் நிலம் எழத் தொடங்கும். விறைத்த கரும்பாறை நீண்ட அலைபோல எழுந்து, வடக்குப் பக்கம் செங்குத்தாக அறுந்து விழும். அந்த விளிம்பின் மேலேயே மதில் ஓடுகிறது. ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் மதியச் சாப்பாடு. அதற்குப் பக்கத்தில் முப்பத்தேழு. ஹாட்பேங்க் பண்ணைக்கு அருகில் முப்பத்தெட்டு. காலையிலிருந்து போனில் சிக்னல் இல்லை. ஹைஷீல்டு பாறைமேல் ஏறினேன். கீழே க்ராக் லாஃப் ஏரி. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். காற்று ஆளைத் தள்ளியது. அந்த இடத்தில், விளிம்பிலிருந்து சில அடி தூரத்தில், சட்டைப்பையில் போன் அதிரத் தொடங்கியது.

என் பள்ளித் தோழிகளின் குழுவிலிருந்து வந்த படம் அது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர். மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் அப்பாவின் படம். என் கல்யாணத்தில் எடுத்தது. ஒரு பக்கம் தோற்றம், மறு பக்கம் மறைவு. முந்தின நாள் தேதி. அடியில் ‘கண்ணீர் வடிக்கும்’ என்று போட்டு அம்மா பெயர், அண்ணன் பெயர், மதினி பெயர், அப்புறம் என் பெயர். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் லண்டன்.

அப்பா இறந்ததை நான் என் பெயரைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் பிறகு சொன்ன காரணத்தை அவன் வார்த்தையிலேயே எழுதுகிறேன். ‘நீ எங்கயோ மலையில நிக்க. கேட்ட உடனே தலை சுத்தி விழுந்துட்டன்னா யாரு பாக்கது? அந்தப் பயத்துலதான் சொல்லல.’ அவன் பொய் சொல்லவில்லை. அந்தப் பயம் உண்மையானது. அந்த மலையும் அப்படிப்பட்டதுதான். ஆனால் அவன் பேசியபோது நான் மலையில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் எட்டுப் பேர் இருந்தார்கள். நாலு சுவருக்குள் என்னிடம் வந்திருக்க வேண்டிய சேதி, மறுநாள் பாறை விளிம்பில், தனியாக நின்றபோது வந்தது. எதற்குப் பயந்து மறைத்தானோ அந்த இடத்துக்கே மறைப்புதான் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

இதை நீங்கள் எல்லோரும் யோசிக்க வேண்டும். முன்பு ஒரு சேதியை மூடி வைக்க முடிந்தது. இன்று முடியாது. போஸ்டர் அச்சாகிப் பசை காய்வதற்குள் யாரோ படமெடுத்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் தெரிந்துகொள்ள மாட்டோம் என்பது இல்லை. உங்கள் குரலில் கேட்க மாட்டோம், அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் உண்டு. எழுபது வயதை நெருங்கிய ஆங்கிலேயப் பெண்மணி. என்னைக் காணோமே என்று திரும்பி வந்தவர், போனை வாங்கிப் பார்த்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. படமும் மாலையும் தேதியும் போதுமாக இருந்தன. மதிலின் காற்றுப்படாத பக்கம் என்னை உட்கார வைத்துத் தன் மழைக்கோட்டைப் போர்த்தினார். அப்புறம் கைபிடித்து இறக்கிக் கூட்டிப்போனார். இறங்கும் பள்ளத்தில் ஒற்றையாய் நின்ற சிக்கமோர் மரத்தைப் பார்க்கத்தான் அன்று ஊர் உலகமெல்லாம் அங்கே வந்துகொண்டிருந்தது. நான் அதன்மேல் கையை ஊன்றி நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அதைத் தாண்டியதும் முப்பத்தொன்பதாவது மைல் கோட்டை. அதை நான் எண்ணவில்லை.

சாலைக்கு வந்து பஸ் பிடித்தோம். மதிலை ஒட்டி ஓடும் அந்தப் பஸ்ஸுக்கு எண்ணே 122தான்; மதில் தொடங்கிய ஆண்டு. ஹெக்ஸம், நியூகாசில், லண்டன். மற்றவர்கள் நடையைத் தொடர வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். நர்ஸ் மட்டும் என்னோடு என் வீட்டு வாசல்வரை வந்தார். ரயிலில், அண்ணன் முந்தின நாள் சொன்னதை அவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். உறங்கிவிட்டார் என்று சொன்னான் என்றேன். அவர் ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்த நர்ஸுகள் சொல்லித் தந்ததைச் சொன்னார். இறந்துவிட்டார் என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டும். போய்விட்டார், தூங்கிவிட்டார், நம்மை விட்டுப் பிரிந்துவிட்டார் என்றெல்லாம் சொல்லக் கூடாது. கேட்கிறவர் மனம் தப்பித்துக்கொள்ள ஒரு சந்து கிடைத்தால் அதில் நுழைந்துகொள்ளும். அப்புறம் இரண்டாவது தடவை சொல்ல வேண்டிவரும்.

மருத்துவர்கள் கெட்ட சேதி சொல்வதற்கு ஒரு முறையே வகுத்திருக்கிறார்கள். புற்றுநோய் மருத்துவர்களுக்காக 2000ஆம் ஆண்டில் வெளியான அதற்கு ஸ்பைக்ஸ் என்று பெயர். ஆறு படி. முதலில் இடம் பார்த்து உட்காருவது; பிறகு அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது; எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது; அதற்குப் பின்தான் சேதி, எளிய சொற்களில்; அழுகைக்கு இடம் கொடுப்பது; கடைசியில் அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து பேசுவது. பெரிய படிப்பு தேவையில்லை. இதையே நம் பேச்சில் சொன்னால்: ‘எங்க இருக்க? பக்கத்துல யாரு இருக்கா? கொஞ்சம் உக்காரு. அப்பா இறந்துட்டாவ.’ அண்ணன் இந்த நாலு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அவன் பயந்த எதுவும் நடந்திருக்காது.

நம் பக்கத்து நியாயங்களும் எனக்குத் தெரியும். தந்தி இருந்த காலத்தில் ‘கவலைக்கிடம், உடனே புறப்படவும்’ என்றுதான் அடித்தார்கள், ஆள் ஏற்கெனவே இறந்திருந்தாலும். அன்றைக்கு அதற்குக் காரணம் இருந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. கொண்டுவருகிறவர் தபால் ஊழியர். வாசிக்கிறவர் தனியாக இருக்கலாம். அடுத்த ரயிலில் தூங்காமல் வர வேண்டும். இறந்துவிட்டார் என்று ஒரு துண்டுத் தாளில் படிப்பதைவிட, பாதி நம்பிக்கையோடு வந்து சேரட்டும் என்று நினைத்தார்கள். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. அந்தப் பொய் மட்டும் இன்னும் நிற்கவில்லை. இன்று உங்கள் கையில் குரல் இருக்கிறது, முகம்கூடத் தெரிகிறது. சொல்லிவிட்டு, அவர் அழுது ஓயும்வரை போனை வைக்காமல் இருக்கலாம்.

தந்திக்கும் முந்தி, துட்டி, அதாவது சாவுச் சேதி, சொல்ல ஊர் ஊராக ஆள் நடந்து போவார். சாதியின் பெயரால் அந்த வேலை சிலர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. அது நம் ஊர்களின் வெட்கம். ஆனால் வாசலில் வந்து நின்றவர் சுற்றி வளைக்காமல், இன்னார் இறந்துவிட்டார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறார்கள் என்று சொன்னார். எங்கள் பக்கத்தில், ‘எனக்கு முறையா துட்டி சொல்லல’ என்று பத்து வருடம் பேசாமல் இருந்த தாய்மாமன்மாரை எனக்குத் தெரியும். ஒரு நல்ல காரியத்துக்கு அழைப்பு விட்டுப்போனால் மன்னித்துவிடுவார்கள். துட்டி சொல்லாமல் விட்டால் மன்னிக்க மாட்டார்கள். சேதியைக் கேட்கிற உரிமையை அவ்வளவு பெரிதாக வைத்திருக்கிற ஒரு சமூகம், மூன்றாம் தலைமுறைச் சொந்தத்துக்கும் தவறாமல் சொல்லிவிட்டுப் பெற்ற மகளிடம் மறைப்பது எந்த முறை?

‘எப்படியும் நேரத்துக்கு வந்திருக்க முடியாது’ என்று சித்தப்பா சொன்னார். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து அதையும் கணக்குப் போட்டேன். செவ்வாய் சாயங்காலம் சோலர்ஃபோர்டிலிருந்து கிளம்பியிருந்தால் நள்ளிரவில்தான் வீடு. பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் அங்கேதான் இருந்தன. அப்போது ஏர் சுவிதா படிவம் நிரப்ப வேண்டும், தடுப்பூசிச் சான்று ஏற்ற வேண்டும். புதன்கிழமை விமானம் கிடைத்தால், வியாழன் காலை திருவனந்தபுரம். அங்கிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டை, அம்பாசமுத்திரம். மதியம் ஆகிவிடும். கோடைக்காலத்தில் இரண்டு நாள் ஐஸ் பெட்டி. எழுபத்தைந்து வயது அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்திருப்பாள். சித்தப்பா சொன்னது சரிதான். என்னிடம் கேட்டிருந்தால், ‘எனக்காகக் காத்திருக்க வேண்டாம், எடுத்துருங்க’ என்று நானேதான் சொல்லியிருப்பேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். நான் கேட்பது அது மட்டும்தான். காத்திருங்கள் என்று இல்லை. என்னைக் கேளுங்கள் என்று.

சொல்லியிருந்தால் அந்த இரவில் நான் என்ன செய்திருப்பேன்? தூங்கியிருக்க மாட்டேன். போனை அம்மாவின் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருப்பேன். ஆச்சிமார் மாரடித்து ஒப்பாரி வைக்கும்போது நானும் இங்கிருந்து கேட்டிருப்பேன். அப்பாவைக் குளிப்பாட்டும்போது பார்த்திருப்பேன். வாய்க்கரிசி போட முடியாது. இங்கே காலை ஆறரைக்கு, ஊரில் அவரை இறக்கி வைத்த நேரத்தில், சோலர்ஃபோர்டில் நார்த் டைன் ஆற்றங்கரையில் போய் நின்றிருப்பேன். அந்த ஆற்றில் முங்கித் தலைமுழுகியிருப்பேன். இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு இதற்கு ஈடாகக் கிடைத்தது, அந்த நேரத்தில் நான் அனுப்பிய ஓர் ஆட்டுக்குட்டியின் படம். அந்தக் குழுவை நான் இன்றுவரை மேலே தள்ளிப் பார்த்ததில்லை.

‘ஆசையா போயிருக்கா, லீவு கெட்டுப்போகும்’ என்று ஒரு அத்தை சொன்னாராம். அன்பினால் சொன்னது. லீவு என்பது அப்பாவைவிடப் பெரிதாக ஒருவருக்கு இருக்கும் என்று அத்தையே நம்ப மாட்டார். ஆண்டுதோறும் பொதுத்தேர்வு நாளில் நாம் ஒரு செய்தி படிக்கிறோம்: அப்பாவின் உடல் வீட்டில் கிடக்க, பரீட்சை எழுதிவிட்டு வந்து கும்பிட்டு விழுந்த பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்துதான் போய் எழுதுகிறது, அப்பா அதைத்தான் விரும்பியிருப்பார் என்று. பதினேழு வயதுப் பிள்ளை தாங்குகிற ஒன்றை, ஐம்பது வயதை எட்டிய நாங்கள் தாங்க மாட்டோமா?

வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறவர்களின் வீட்டார் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். என் நிலைமை வேறு, அவர்கள் நிலைமை வேறு. லீவு கிடைக்காது, டிக்கெட்டுக்குப் பணம் இருக்காது, பல இடங்களில் பாஸ்போர்ட்டே முதலாளி கையில் இருக்கும். வரவே முடியாதவனிடம் சொல்லி என்ன பயன் என்று நினைப்பீர்கள். வர முடியாதவனுக்குத்தான் அழவாவது ஒரு நாள் வேண்டும். அறையில் கூடத் தங்கியிருக்கும் பத்துப் பேர் அன்றைக்கு அவனுக்குப் பதில் சமைப்பார்கள், துணி துவைத்துப் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்து, வீட்டில் மாலை போட்ட படத்தைப் பார்க்கிறவனுக்குத் துணையாக யார் இருப்பார்கள்? எல்லோரும் அழுது முடித்திருப்பார்கள்.

அந்த மதிலுக்கு 2024 மே மாதம் திரும்பிப் போனேன். நர்ஸும் வந்தார். சிக்கமோர் மரம் இல்லை. 2023 செப்டம்பரில் ஓர் இரவில் யாரோ ரம்பத்தால் அறுத்துச் சாய்த்ததை நீங்களும் செய்தியில் படித்திருக்கலாம். வேலிக்குள் அடிமரம் மட்டும் இருந்தது. நான் கை ஊன்றிய இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று விண்டோலாண்டாவுக்கும் போனோம். மதிலுக்குத் தெற்கே ஒரு மைல் தூரத்தில் இருந்த ரோமானியப் படைமுகாம். ஈரமண்ணுக்குள் காற்றுப்படாமல் கிடந்த மரச்சில்லுகளை 1973இல் அங்கே எடுக்கத் தொடங்கினார்கள். அஞ்சலட்டை அளவு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன், மசியால் எழுதியவை. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முந்தைய கடிதங்கள். இன்றைய ஹாலந்து, பெல்ஜியம் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட படைவீரர்களின் முகாம் அது. காலுறையும் செருப்பும் அனுப்பியிருப்பதாக ஒரு கடிதம். பிறந்தநாளுக்கு வா என்று ஓர் அதிகாரியின் மனைவி இன்னொருத்தியைக் கூப்பிட்ட கடிதம். அவற்றில் ஒன்றை க்ராட்டியுஸ் என்பவன் வெல்டேயுஸ் என்ற பழைய தோழனுக்கு எழுதியிருக்கிறான். இவ்வளவு நாளாக ஏன் பதில் இல்லை என்று வருத்தத்தோடு கேட்கிறான். கேட்டுவிட்டு, நம் பெரியவர்களிடமிருந்து ஏதாவது சேதி வந்ததா என்று விசாரிக்கிறான். பெற்றோர் என்றும் பொருள்படும் சொல் அது. பதில் வந்ததா என்று தெரியாது. கேள்வி மட்டும் மண்ணுக்குள் கிடந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். வீட்டைவிட்டுத் தூரத்தில் இருக்கிறவனுக்கு எந்தக் காலத்திலும் ஒரே கேள்விதான்.

தூரத்தில் இருக்கிற எங்களுக்கும் கடமை உண்டு. சிக்னல் இல்லாத மலையில் ஏறிவிட்டு, ஊரில் இருப்பவர்கள் நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. இப்போதெல்லாம் நடைக்குப் போகும் முன் அண்ணனுக்கு ஒரு தாள் அனுப்புகிறேன். எந்த இரவு எந்த ஊர், தங்குமிடத்தின் எண், கூட வருகிற இரண்டு பேரின் எண். அவர்களில் ஒருவருக்காவது தமிழ் தெரியும். என் போன் கிடைக்காவிட்டால் அவரிடம் சொல். அவர் என்னை உட்கார வைத்துச் சொல்வார். எந்த நேரமானாலும் சரி. இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்ல வேண்டும். அண்ணன் அந்தத் தாளைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறான். தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவரும் அப்படி ஒரு தாளைக் கொடுத்து வைக்கட்டும். நீங்களும் கேட்டு வாங்கி வையுங்கள்.

முப்பத்தொன்பதிலிருந்து தொடங்கி, அந்த முறை பேர்டோஸ்வால்டு கோட்டைவரை நடந்தோம். நாற்பத்தொன்பது எண்ணியிருக்கிறேன். இன்னும் முப்பத்தொன்று இருக்கிறது. அதை முடிக்கத்தான் வருகிற மே மாதம் போகிறேன். அம்மா ஊரில் இருக்கிறாள்; முட்டுவலி தவிர நன்றாக இருக்கிறாள். சாயங்காலம் எத்தனை என்று இப்போது அவள் கேட்கிறாள்.

சேதி சொல்லும் பெரியவர்களே, போஸ்டர் அடிக்கிற கடைக்காரர் யார் யார் பெயர் போட வேண்டும் என்று உங்களிடம்தான் கேட்பார். அவரிடம் எங்கள் பெயரைச் சொல்வதற்கு முன்னால், எங்களைக் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி,
லண்டன்.